பன்னிரண்டாவது நிபந்தனை

கொள்ளிடத்து மணலில் கூடாரம் போட்டுத் தங்க வேண்டுமானால் அந்தக் காலத்தில் பதினோரு நிபந்தனைகள் உண்டு. அவற்றை எழுதியவன் நான். திருச்சியில், ஆற்றங்கரைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். அதிகாரி சொல்லச் சொல்ல எழுதினேன் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் சொன்னது மூன்று நிபந்தனைகள்தான். மீதி எட்டும் என் மூளையில் உதித்தவை. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஒரு விதியில் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தால் சோறு இறங்காது.

கோடையில் தண்ணீர் வற்றி, கொள்ளிடம் மணல்வெளியாகக் கிடக்கும். சாரணர் படைப் பிள்ளைகள், மாட்டு வியாபாரிகள், பாசிமணி விற்கிறவர்கள், ஸ்ரீரங்கத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு வருகிற கூட்டத்தார் என்று யாராவது அனுமதி கேட்டு வந்தபடி இருப்பார்கள். கரைமேல் முளை அடிக்கக் கூடாது, நாணலை வெட்டக் கூடாது, தண்ணீர் வருகிறது என்று தண்டோரா போட்டால் உடனே கிளம்ப வேண்டும், இவை அதிகாரி சொன்னவை. ஒரே இடத்தில் மூன்று நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்பது என்னுடையது. மூன்று நாளைத் தாண்டினால் மனுஷனுக்கு அந்த இடம் தன்னுடையது என்று தோன்ற ஆரம்பித்துவிடும் என்பது என் கட்சி. சிலர் நாலு அடி தள்ளிப் போட்டுக்கொண்டு, 'இடம் மாற்றிவிட்டோம்' என்றார்கள். உடனே நூறு கஜம் என்று சேர்த்தேன். நூறு கஜம் போய்விட்டு மூன்றாம் நாள் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். ஒரு மாதத்துக்குள் பழைய இடத்துக்குத் திரும்பக் கூடாது என்று அதையும் அடைத்தேன். விட்டுப்போகிற மண்பானையில் தண்ணீர் தேங்கிக் கொசு வருகிறது என்று சுகாதாரத்துறைக்காரர்கள் குறை சொன்னபோது, 'இடத்தை விட்டு நீங்குமுன் அடுப்பை அணைத்து, மண்பாத்திரங்களை உடைத்துவிட வேண்டும்' என்று ஒன்பதாவதாக எழுதினேன். அதைத் தட்டச்சு அடித்துப் படித்துப் பார்த்தபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

அடுத்த வருஷமே அந்தப் பதினோரு நிபந்தனைகளும் என்மேல் வந்து விழுந்தன. ஐம்பதுகளின் கடைசி அது. மார்கழியில் வந்த இருமல் பொங்கல் கழிந்தும் நிற்கவில்லை. ஒருநாள் காலையில் துண்டில் ரத்தம் இருந்தது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இடது நுரையீரலில் காசநோய் என்றார். ஊசி இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, முன்போல் பயப்படுகிற வியாதி இல்லை, ஆனால் ஓய்வும் நல்ல காற்றும் வேண்டும், குழந்தையைக் கிட்டே விடக் கூடாது என்றார். சானடோரியத்தில் படுக்கை காலியாக நாலைந்து மாதம் ஆகும் என்றும் சொன்னார்.

என் மனைவியும் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையும் நானும் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் கோயில் கைங்கர்யக் குடும்பம். நல்ல மனுஷர். விஷயம் தெரிந்த அன்று சாயங்காலம் முற்றத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு பேசினார்.

"தப்பா எடுத்துக்கப்படாது. நேக்கு உம்ம பேர்ல ஒரு குறையும் இல்லை. சின்னக் கொழந்தேள் இருக்கா, பாரும். பெருமாள் உமக்கு சீக்கிரம் ஆரோக்கியத்தை அனுக்ரகம் பண்ணுவர். ஜாகையை மாத்திரம் மாத்திண்டுடும்."

அவரைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் எழுத்து மூலமாக நோட்டீஸ் கொடுத்திருப்பேன்.

எனக்குத் தாய் தகப்பன் இல்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை. மனைவிக்கு மருங்காபுரிப் பக்கம் ஓர் அண்ணன் இருந்தான். மானாவாரி நிலத்தில் கம்பும் கடலையும் போட்டுப் பிழைக்கிறவன். குழந்தையோடு அவளை அங்கே அனுப்பினேன். பஸ் கிளம்பும்போது அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வந்து பாக்கலாமா?" என்று கேட்டாள். "எழுதறேன்," என்றேன். அவளைத் தவிர எனக்கென்று யாரும் கிடையாது என்பது அந்த பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகுதான் எனக்கு முழுசாக உறைத்தது. நடுத்தெருவில் நின்று அழுதேன்.

காசநோய்க்காரனுக்கு வாடகைக்கு அறை தருபவர் திருச்சியிலும் இல்லை, ஸ்ரீரங்கத்திலும் இல்லை. காற்று வேண்டும், ஆள் நடமாட்டம் கூடாது, ஊசி போட்டுக்கொள்ள நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் எல்லாம் கொள்ளிடத்து மணலுக்குத்தான் பொருந்தின. நான் வேலை பார்த்த ஆபீசுக்கே விண்ணப்பம் எழுதினேன். 'தங்கும் நோக்கம்' என்ற கட்டத்தில் 'உடல்நலம்' என்று போட்டேன்.

அதிகாரி என்னை வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்கவைத்து, ஜன்னல் வழியாகப் பேசினார்.

"சர்வே டென்ட் ஒண்ணு சும்மா கெடக்கு, எடுத்துக்கய்யா. மூணு மாசத்துக்கு உத்தரவு போட்டுடறேன். இந்த மூணு நாள், நூறு கஜம் இதெல்லாம் உனக்கு வேண்டாம். ஒரே எடத்துல பேசாம படுத்திரு. யாரு வந்து பாக்கப் போறா?"

"விலக்குன்னு எழுத்துல கொடுத்துடுங்க சார்."

"எழுத்துல எப்படிய்யா கொடுக்கிறது? அப்புறம் ஊர்ல இருக்கிறவன்லாம் கேப்பான்."

"அப்ப நான் மாத்திக்கிறேன் சார்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். 'கொள்ளிடம் தென்கரை, துணி துவைக்கும் துறைக்குக் கிழக்கே இருநூறு கஜம்' என்று இடம் குறித்திருந்தது. ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர் கூடாரத்தை அடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். மாசி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

அன்று மாலையே மனைவிக்குக் கடிதம் எழுதினேன். பங்குனி முதல் வெள்ளிக்கிழமை வந்து தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போ, குழந்தையைக் காட்டு, அதற்கு முன்னால் வேண்டாம், டாக்டர் திட்டுவார் என்று எழுதினேன். எங்கே வர வேண்டும் என்பதற்கு, உத்தரவில் இருந்த இடத்தை ஓர் எழுத்து பிசகாமல் அப்படியே எடுத்து எழுதினேன். அந்த வெள்ளிக்கிழமைக்குள் நான் எட்டுத் தடவை நூறு நூறு கஜமாக நகர்ந்துபோயிருப்பேன் என்பது கணக்குப் போடத் தெரிந்த எனக்குத் தோன்றவில்லை. உத்தரவில் எந்த இடம் இருக்கிறதோ அதுதான் விலாசம். பத்து வருஷம் குமாஸ்தா வேலை பார்த்தவன் புத்தி அப்படித்தான் போகும்.

இரண்டாம் நாள் இருமலில் பாய் முழுக்க ரத்தமாகிவிட்டது. அது மனைவி பிறந்தவீட்டிலிருந்து கொண்டுவந்த கோரைப் பாய். ஓரம் பிரிகிறது என்று சிவப்புத் துணி வைத்து அவளே தைத்திருந்தாள். ரத்தம் பட்டதை எரித்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் இடம் மாற்றும்போது அடுப்பில் தண்ணீர் ஊற்றினேன். பானையைக் கல்லில் போட்டு உடைத்தேன். பாயைச் சுருட்டித் தீ வைத்தேன். ஈரமாக இருந்ததால் பாதி எரிந்து நின்றுவிட்டது. மறுபடி பற்றவைக்க எனக்குத் தெம்பில்லை.

ஆற்று மணலில் வெள்ளரி போட்டிருந்த ஓர் அம்மாள் குடத்தோடு அந்தப் பக்கம் வந்தாள். நாற்பது வயதிருக்கும். அவள் ஒருத்திதான் அந்த மூன்று மாதமும் என்னோடு பேசியவள். அதுவும் இருபது அடி தள்ளி நின்று. உடைந்த பானையையும் பாயையும் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"என்னங்கய்யா இது? உசுரோட இருக்கிற மனுசன் பண்ற காரியமா? பானைய ஒடச்சு, பாய எரிச்சு... ஆத்தங்கரையில யாரு பாத்தாலும் என்னன்னு நெனைப்பாங்க?"

"கொசு வரக் கூடாதும்மா. அதுக்குத்தான் ஒடைக்கிறது. விதியில இருக்கு."

"எந்தக் கட்டையில போறவன் இந்த விதிய எழுதுனான்?"

மூடநம்பிக்கையை ஒழிக்க வேண்டும் என்று ஊரெல்லாம் மேடை போட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம். நானும் அந்தக் கட்சிதான். பானை உடைந்தால் பானை உடைந்தது, அவ்வளவுதானே என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டு கூடாரத்தை இழுத்துக்கொண்டு போனேன். நூறு கஜத்தைக் கடக்க அரை மணி நேரம் ஆயிற்று. நடு நடுவே உட்கார்ந்து உட்கார்ந்து போனேன்.

அதன் பிறகு மூன்று நாளைக்கு ஒருமுறை அதே வேலை. தனியாக ஒரு கூடாரத்தைப் பிரித்து மடிப்பதும் மறுபடி அடிப்பதும் நோயாளிக்கு லேசான காரியமில்லை. நூறு கஜத்தை எட்டி வைத்து எண்ணுவேன். தொண்ணூற்றெட்டில் நல்ல நிழல் இருந்தாலும் இரண்டு எட்டுத் தள்ளி வெயிலில்தான் அடிப்பேன். பார்க்க ஒருவரும் இல்லை. கொஞ்சநாள் கழித்து எனக்கே சந்தேகம் வந்தது, நான் ஒழுங்காக இருக்கிறேனா, வேறு செய்ய ஒன்றும் இல்லாததால் இதைச் செய்கிறேனா என்று. பொழுது போக வேண்டுமே.

பகல் நேரம்தான் கொடுமை. மணல் தகிக்கும். தூரத்தில் துறையில் துணி அடிக்கிற சத்தம் வரும். கோயில் வெள்ளைக் கோபுரம் தென்னைகளுக்கு மேலே தெரியும். பாலத்தில் ரயில் போகும்போது எழுந்து வந்து நின்று பெட்டிகளை எண்ணுவேன். ஜன்னலில் இருக்கிற குழந்தைகள் சில சமயம் கையை ஆட்டும். முதலில் நானும் கையைத் தூக்கி ஆட்டினேன். ஒருநாள், அவை எனக்குக் காட்டவில்லை, ஆற்றுக்குக் காட்டுகின்றன என்று பட்டது. அன்றிலிருந்து கையை ஆட்டவில்லை. எண்ணுவதை மாத்திரம் விடவில்லை. பேசாமலே இருந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்று தினமும் காலையில் பதினோரு நிபந்தனைகளையும் உரக்கப் படிப்பேன். மனப்பாடம்தான், இருந்தாலும் காகிதத்தைப் பார்த்துப் படிப்பேன்.

வாரத்தில் இரண்டு நாள் ஊசிக்காக ஸ்ரீரங்கத்துக்குள் நடப்பேன். வருகிற வழியில் தபாலாபீஸ் வாசலில் போய் நிற்பேன். ஜன்னலில் இருந்தவர் நான் வாயைத் திறக்குமுன்பே தலையை ஆட்டிவிடுவார். அதுவரை எனக்கு வருத்தமில்லை. பங்குனி வெள்ளிக்கிழமை அவள் வரப்போகிறாளே, கடிதம் எதற்கு என்று இருந்தேன். நோய் போய்விடுமா போகாதா என்பதைக்கூட அவ்வளவு நினைக்கவில்லை. அவள் வருவாளா, அதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது. வந்தால் பிழைத்துக்கொள்வேன் என்று நினைத்தேன். இப்படிச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் முகம் மழித்து, வெளுத்த வேட்டி கட்டி, கூடாரத்துக்கு வெளியே மேற்கே பார்த்து உட்கார்ந்துவிட்டேன். முதல் இடத்திலிருந்து எண்ணூறு கஜம் கிழக்கே வந்திருந்தேன். நடுவில் ஆறு லேசாகத் திரும்புகிறது. திருப்பத்தில் ஆள் உயரத்துக்கு நாணல். இந்த எண்ணூறு கஜம் ஒரு பிரச்சினை என்று அன்று காலையில்தான் எனக்கு உறைத்தது.

எழுந்து நடந்துபோய்ப் பழைய இடத்தில் நின்றிருக்கலாம். ஊசிக்கு அதைவிடத் தூரம் நடக்கிறவன்தானே? போகவில்லை. நடந்தால் மூச்சு வாங்கும், அவள் வரும்போது நான் இரைத்துக்கொண்டு நிற்பதை அவள் பார்க்கக் கூடாது என்று ஒரு காரணம். துறையில் துவைக்கிறவர்களைக் கேட்டால் கையைக் காட்டிவிடுவார்கள், கேட்டுக்கொண்டு வரட்டுமே என்று இன்னொரு காரணம். உள்ளுக்குள் இருந்த நிஜமான காரணம் வேறு. என்னைத் தேடி யாராவது கொஞ்சதூரம் நடந்து வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பதினோரு மணி ஆயிற்று. வெயில் உச்சிக்கு வந்தது. வெள்ளரிக்கார அம்மாள் இரண்டு பிஞ்சைக் கல்லின்மேல் வைத்துவிட்டு, "யாரையோ எதிர்பாத்துக்கிட்டு இருக்கீங்க போல," என்றாள். "ஆமாம்," என்றேன். நாலு மணி ரயிலும் போயிற்று. அதில் எத்தனை பெட்டி என்று எண்ணவில்லை. பொழுது சாய்கிறவரை நாணலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வரவில்லை.

மறுநாள் கடிதம் வரும் என்று இருந்தேன். அடுத்த வாரம் வரும் என்று இருந்தேன். அண்ணன் விட்டிருக்க மாட்டான், வியாதிக்காரனிடம் போகாதே என்றிருப்பான் என்று அவளுக்காக நானே வக்காலத்து வாங்கினேன். சித்திரை பிறந்ததும் அதுவும் அலுத்துப்போய், கோபம்தான் மிஞ்சியது. அவளாக ஒரு வரி எழுதாமல் நான் எழுதுவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன். இந்த மாதிரி முடிவுகளில் நான் கெட்டிக்காரன். சானடோரியத்தில் இடம் கிடைத்தபோதுகூட அவளுக்குத் தெரிவிக்கவில்லை. வைகாசி முதல் வாரத்தில் கூடாரத்தைப் பிரித்தேன். கடைசிப் பானையையும் விதிப்படி உடைத்தேன். ஆபீசில் கூடாரத்தைச் சேர்த்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டேன்.

சானடோரியத்தில் ஒரு வருஷம். எல்லாரையும் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது வருவார்கள். வேலிக்கு வெளியே நின்று பேசிவிட்டுப் போவார்கள். என் பெயரைச் சொல்லி யாரும் வந்ததில்லை. ஞாயிறு மதியம் போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துவிட்டுத் தூங்குகிற மாதிரி படுத்துக்கொள்வேன். ஆற்று மணலில் யாரும் இல்லாமல் இருந்தது இதற்குத் தேவலை என்று தோன்றும்.

பிழைத்துக்கொண்டேன். வேலையில் மறுபடி சேர்ந்த அன்று தலைமைக் குமாஸ்தா ஒரு படிவத்தை நீட்டினார். நான் இறக்க நேர்ந்தால் எனக்குச் சேர வேண்டியதை யார் பெற்றுக்கொள்வது என்ற படிவம். மனைவி பெயர், மனைவி கையெழுத்து.

"போட்டுக் கொடுத்துடுப்பா. எவன் பாக்கப் போறான்?" என்றார் அவர்.

அவள் கையெழுத்தை நான் போடுவதாவது! படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் மருங்காபுரிக்கு பஸ் ஏறினேன். பதினைந்து மாதத்துக்குப் பிறகு பெண்டாட்டியைப் பார்க்கப் போகிறேன் என்று ஒப்புக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. சர்க்கார் காரியமாகப் போகிறேன் என்று வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தேன். அண்ணன் கடலைக்காட்டுக்குப் போயிருந்தான். வாசலில் புளியங்கொட்டைகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்த ஒரு சிறு பெண் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, யாரோ வந்திருக்காங்க," என்று உள்ளே கத்தியது. என் குழந்தைதான். என்னை அதற்குத் தெரியவில்லை.

அவள் ஈரக் கையோடு வந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கால்களைத்தான் பார்த்தாள், ரொம்ப நேரம். செய்த காரியத்துக்கு வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நன்றாக வேண்டும் என்றும் நினைத்தேன்.

"உக்காருங்க," என்றாள் கடைசியில். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கையிலேயே கொடுத்தாள். விரல் பட்டதும் அவளுக்கு உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது.

"ஒரு கையெழுத்து வேணும். நீ போட்டுட்டீன்னா அடுத்த பஸ்ல போயிடுவேன்," என்றேன்.

அவள் படிவத்தை வாங்கி மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'நான் இறக்க நேர்ந்தால்' என்ற வரிக்கு வந்ததும் நின்றாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இனிமேதானா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "என்ன பேச்சு இது? எப்ப சாவான்னு பாத்துக்கிட்டு இருந்தியா?"

அவள் உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. பழைய ரவிக்கைத் துணியில் சுற்றிய எதையோ கொண்டுவந்து என் முன்னால் பிரித்து வைத்தாள். ஒரு முழம் நீளத்துக்குக் கோரை. ஒரு பக்கம் கருகியிருந்தது. மறுபக்கம் சிவப்புத் துணி ஓரம், அவள் கைத் தையல்.

"சொன்ன வெள்ளிக்கிழமை வந்தேன்," என்றாள். "அண்ணன் கரைக்கு அந்தப் பக்கமே நின்னுக்கிச்சு. புள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு நான் மட்டும் எறங்குனேன். நீங்க எழுதியிருந்த எடந்தான். மூணு கல்லு இருந்துச்சு. சாம்பல் இருந்துச்சு. பானை ஒடஞ்சு கெடந்துச்சு. பக்கத்துல நம்ம பாயி, பாதி எரிஞ்சு."

வெள்ளரிக்கார அம்மாள் சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது. ஊரில் சாவு விழுந்தால் அந்த ஆள் படுத்திருந்த பாயையும், உடைத்த பானையையும் ஆற்றங்கரையில்தான் கொண்டுபோய்ப் போடுவார்கள். குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும்.

"துறையில ஆள் இருந்தாங்களே. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"கேட்டா சொல்லிடுவாங்களே," என்றாள்.

அவள் குழந்தையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, ஊர்க்கதை சொல்வதுபோல் சொன்னாள். பாயின் ஓரத்தைக் கிழித்து முந்தானையில் மறைத்துக்கொண்டு கரையேறியிருக்கிறாள். அண்ணன், 'பாத்தியா, எப்படி இருக்காரு?' என்று கேட்டிருக்கிறான். 'நல்லா இருக்காரு,' என்றிருக்கிறாள். நிஜத்தைச் சொன்னால் அன்றைக்கே பொட்டையும் தாலியையும் எடுத்துவிடுவார்கள், அப்புறம் நான் வந்தாலும் வந்ததாகாது என்று பயந்திருக்கிறாள். கடிதம் ஏன் வரவில்லை என்று வீட்டில் கேட்டபோது, கடுதாசி வழியாகக்கூட ஒட்டிக்கொள்ளும், எழுதக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றிருக்கிறாள். நம்பினார்கள். அந்த நோய்க்கு அப்போது எதைச் சொன்னாலும் நம்புவார்கள்.

"தபால்காரர் வர்ற நேரத்துக்குக் கொல்லைப்பக்கம் போயிடுவேன். ஆபீஸ்லேருந்து எதுவும் வந்துடக் கூடாதேன்னு. பொட்டு வெக்கிறப்பல்லாம் தோணும், தப்புப் பண்றேனோன்னு."

ஒரு வருஷத்துக்கு மேலாக, என்னைக் கைவிட்டவள் என்று நான் அவளை வைதுகொண்டிருந்தேன். அத்தனை நாளும் அவள் தனி ஒருத்தியாக, யாரிடமும் சொல்லாமல், என்னை உயிரோடு வைத்திருந்தாள். எனக்காவது கோபித்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தது. அவளுக்கு அழக்கூட அனுமதி இல்லை. வாய்விட்டு அழுதால் கேட்பார்களே, ஏன் என்று. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. என் வாயிலிருந்து வந்ததோ, "ஒன்பதாவது நிபந்தனை. கொசுவுக்காக எழுதினது," என்பதுதான்.

அவள் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அப்புறம் எழுந்து நடையைத் தாண்டிக் கொல்லைக்குப் போனாள். அங்கே அவள் அழுதது வாசல்வரை கேட்டது. குழந்தை பயந்து என்னைப் பார்த்தது. அதைத் தூக்கிக்கொள்ளலாமா கூடாதா என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தேன். சளியில் கிருமி இல்லை என்ற சான்றிதழ் சட்டைப்பையில்தான் இருந்தது. இருந்தாலும் கை நீளவில்லை.

அடுத்த மாதம் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு வீடு பார்த்து இருவரையும் அழைத்துவந்தேன். ஒன்றாகத்தான் இருந்தோம். ஆனால் நான் கடைக்குப் போய்விட்டுக் கால் மணி தாமதமாக வந்தாலும் அவள் முகம் அந்த மதியத்து முகமாகிவிடும். முதலில் கால்கள் தரையில் பாவுகின்றனவா என்று பார்ப்பாள். பிறகுதான் என்ன வாங்கி வந்தேன் என்று கேட்பாள். ஒரு தடவை போய்ச் சேர்ந்துவிட்ட ஆளாக என்னை மனசில் வைத்துப் பழகிவிட்டாள். முழுசாகத் திரும்பி வர என்னால் கடைசிவரை முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே அவள் எனக்காகக் காத்திருக்கிறாள் என்று பல சாயங்காலங்களில் தோன்றியிருக்கிறது.

அடுத்த கோடையில் நிபந்தனைகளைப் புதுப்பிக்கும் வேலை வந்தது. பன்னிரண்டாவதாக ஒன்று சேர்த்து அதிகாரியின் மேஜையில் வைத்தேன். இடம் மாற்றுபவர், எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போகிறார் என்பதைப் பழைய இடத்தில் ஒரு பலகையிலோ கல்லிலோ எழுதி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று அது.

"இது எதுக்குய்யா?" என்றார் அவர். "கொசுவா, திருட்டா?"

"பின்னாடி தேடிக்கிட்டு வர்றவங்களுக்கு சார்."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவளிடம் அதைப் படித்துக் காட்டினேன். என் வாழ்நாளில் நான் எழுதியவற்றிலேயே அதுதான் உருப்படியானது என்று எனக்கு எண்ணம். அவள் அரிவாள்மணையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முழுசாகக் கேட்டாள். நறுக்கியதைத் தண்ணீரில் போட்டாள்.

"இத மொதல்லயே எழுதியிருக்கலாமே," என்றாள்.

நான் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, கை கால் கழுவக் கொல்லைப்பக்கம் போனேன். போகும்போது, "கொல்லைக்குப் போறேன்," என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.